அண்ணி கொடுத்த மாத்திரை

அவளை அந்த வட்டாரத்தில் பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த மாதிரி வண்டிகளில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போதாதென்று பக்கத்து இருக்கைக்காரர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அவள் கால் அதன்மேல் பட்டும் படாமலும் இருக்கும். மிதிப்பது அபூர்வம். மற்ற வாத்தியார்களிடம் படித்தவர்கள், வண்டி நின்றதெல்லாம் தங்கள் சாமர்த்தியம் என்று நம்பி வெளியே போய் முதல் வாரமே எதிலாவது முட்டிக்கொள்வார்கள். அவளிடம் படித்தவர்களுக்கு, நிறுத்தியது தங்கள் கால்தான் என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

குரலை உயர்த்த மாட்டாள். ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்திருக்கும் பெண்களிடம், "அது எங்கயும் ஓடிப்போகாதும்மா, கொஞ்சம் மூச்சு விட விடுங்க" என்பாள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களைக் கண்ணாடியில் பார்த்து, "அவருக்கு அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்பாள். டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒற்றை அறையில் இருந்த அந்தப் பள்ளிக்கு இவள் பெயரைச் சொல்லித்தான் பெண்கள் தேடி வந்தார்கள். முதலாளிக்கு அது தெரியும். இவளிடம் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

வீட்டில் கணவன், ஒரே மகள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுச் சந்துக்குள் கயிற்றையும் மோட்டாரையும் பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் பேச்சு குறைவு. மகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். பெரிய கஷ்டம் எதுவும் அந்தக் குடும்பத்தைத் தேடி வந்ததில்லை. கஷ்டம் அவள் உடம்புக்குள்ளேயே உட்கார்ந்து வயது வரட்டும் என்று காத்திருந்தது.

ஐம்பதை ஒட்டி மாதவிடாய் முன்னே பின்னே ஆகி, பிறகு சுத்தமாக நின்றது. விட்டது தொல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பு பற்றவைத்ததுபோல ஒரு சூடு கிளம்பும். கழுத்தில் ஏறி, காதைத் தாண்டி, உச்சந்தலை வரை போகும். அடுத்த நிமிஷம் வேர்வை ஊற்றும். அதற்கடுத்த நிமிஷம் குளிரும். மூடின காருக்குள், பக்கத்தில் ஒருத்தி பயத்தில் நடுங்கிக்கொண்டு ஓட்டும்போது இது வரும். மழை பெய்கிறபோது ஜன்னலை இறக்கிவிட்டாள் என்று ஒரு மாணவி முதலாளியிடம் புகார் சொன்னாள். முதலாளி சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

ராத்திரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் என்பது மற்ற வீடுகளில் நடக்கிற விஷயம் ஆகிவிட்டது. நனைந்த விரிப்பை மாற்றுவாள், படுப்பாள், மறுபடி நனைப்பாள். கணவன் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டான். அவன் போன விதம் அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. இனி நான் வேண்டாம் என்று ஆகிவிட்டதா என்று கேட்க வாய் வரவில்லை. அவனும் சொல்லவில்லை.

வேர்வையைக்கூடத் துடைத்துவிடலாம். மண்டைக்குள் நடந்ததை எதைக்கொண்டு துடைப்பது? ஒரு நாள் பாடத்தின் நடுவில் கிளட்ச் என்ற வார்த்தை அவளுக்கு மறந்துபோனது. தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை. "அந்த… இடது கால்ல இருக்கே, அது" என்று சமாளித்தாள். குளியலறையில் துண்டு தரையில் கிடந்ததற்கு மகளைப் பார்த்துக் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. கத்தி முடித்ததும் அழுதாள். மகள் பயந்துபோய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை அந்த வீட்டில் யாரும் துண்டுக்காக அழுததில்லை.

பிறகு பயம் வந்தது. சாலையைப் பார்த்தால் பயம். ஊரில் பாதிப் பேருக்குப் பயம் தெளியவைத்தவளுக்கே சாலை பயமாகிப்போனது. லாரியைக் கண்டால் இதயம் தொண்டைக்கு வந்து அடிக்கும். ஒரு காலை ரவுண்டானாவில், தூரத்தில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு லாரிக்காக, தன் பிரேக்கை முழுமூச்சாக மிதித்துவிட்டாள். வண்டி நட்ட கல்லாக நின்றது. பின்னால் வந்த வேன் வந்து இடித்தது. ஓட்டிக்கொண்டிருந்தவள், டெலிபோன் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற அறுபது வயது அம்மாள். ஸ்டியரிங்கில் மோதி உதடு கிழிந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?" என்று டெலிபோன் அம்மாள் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

அந்த அம்மாள் ஒரு தப்பும் செய்யவில்லை.

முதலாளி நல்லவர்தான். திட்டவில்லை. கொஞ்ச நாள் ஆபீசில் உட்காருங்கள், விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள், வண்டியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்த மேஜையில், சாலை விதிப் படங்களுக்குக் கீழே அவளை உட்காரவைத்தார்கள். வாத்தியாராக இருந்தவள் வாசல்மணி ஆனாள்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. தெருமுனை டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், இதயத்துடிப்பைப் படம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது, இது வயசுக் கோளாறு, எல்லாப் பெண்களும் கடந்து வந்ததுதான், மனதை வேறு பக்கம் திருப்புங்கள் என்று சத்து மாத்திரை எழுதினார். அவள் எங்கோ படித்ததை வைத்து, ஹார்மோன் மருந்து ஏதோ இருக்கிறதாமே என்று கேட்டாள். அவர் பேனாவை மூடிக்கொண்டே, "அதெல்லாம் கேன்சர்ல கொண்டுபோய் விடும். தேவையா உங்களுக்கு?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது.

ஒரு சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, பள்ளிக்குப் பின்னால் கொட்டகையில் நின்ற பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வாயைத் திறந்து அழுதாள். அழுது அடங்கினபோது மனம் ரொம்பத் தெளிவாக ஒன்றை யோசித்தது. மேம்பாலத்துத் தூணும், யாரும் பக்கத்தில் இல்லாத வண்டியும். யார்மேலும் மோதாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல். வாகன ஓட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த யோசனைக்கு உதவ வந்து நின்றது. அதைக் கண்டு அவளே மிரண்டு, சாவியைக் கொண்டுபோய் முதலாளியின் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் நாத்தனாரின் கடைக்குப் போனாள். கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். லென்ஸ் தேய்ப்பது, சட்டத்தில் பொருத்துவது எல்லாம் அவளே. நாத்தனார் என்றால் நாலு குறை சொல்கிறவள் என்பதுதானே ஊர் வழக்கு. இந்த அண்ணி அந்த வழக்குக்கு விலக்கு. தம்பி பெண்டாட்டியைத் திட்டுவதாக இருந்தாலும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவாள்.

கண்தான் கெட்டுவிட்டது, அதனால்தான் சாலை பயமாக இருக்கிறது என்று தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்டு வந்திருந்தாள். அண்ணி அவளை உயர நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். அவள் படித்தாள். கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சூடு கிளம்பியது. லென்ஸ் இரண்டும் பனிபோல மூடிக்கொண்டன. ஒன்றும் தெரியவில்லை அண்ணி என்று சொல்லிக்கொண்டே விசும்ப ஆரம்பித்தாள்.

அண்ணி சட்டத்தைக் கழற்றினாள். கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கண்ணுல ஒண்ணுமில்லடி. எத்தனை மாசமா இப்படி இருக்கே?"

அதைக் கேட்பதற்கு ஓர் ஆள் உலகத்தில் இருந்தது என்பதே அவளுக்கு அன்று பெரிய விஷயம். தூணைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் கொட்டினாள். அண்ணி தன் கதையைச் சொன்னாள். சில வருஷங்களுக்கு முன் கட்டி என்று கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களே, அதற்கப்புறம் தானும் இதே தீயில்தான் வெந்ததாகவும், ஆபரேஷன் செய்த டாக்டர் ஈஸ்ட்ரோஜன் என்று ஒரு மாத்திரை கொடுத்த பிறகே மனுஷியானதாகவும் சொன்னாள். கைப்பையைத் திறந்து ஓர் அட்டை மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எனக்குக் குடுத்தது உனக்கு என்ன பண்ணிடப் போகுது? ஒரே வீட்டுப் பொம்பளைங்கதானே நாம."

"கேன்சர் வரும்னு சொன்னாரு அண்ணி அந்த டாக்டர்."

"எனக்கு வந்துச்சா?"

வந்தால் வரட்டும் என்றுதான் அவள் அந்த மாத்திரையை விழுங்கினாள். வருவதற்குள் நாலு நாள் தூங்கிவிட்டாவது சாகலாம். ஆற்றில் அடித்துப்போகிறவள் கையில் கிடைத்தது கட்டையா முதலையா என்று பார்ப்பாளா?

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் சூடு தணிந்தது. ஒரு நாள் காலையில் விழித்தபோது வெயில் சுவரில் பாதி இறங்கியிருந்தது. தூங்கியிருக்கிறோம் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலாளியிடம் போய், தன்னை ஒரு சுற்று ஓட்டவைத்துப் பார்க்கச் சொன்னாள். ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றிவந்து நிறுத்தினாள். அவர் சாவியை அவள் பக்கம் தள்ளினார். உதடு ஆறிய டெலிபோன் அம்மாள், படித்தால் அவளிடம்தான் படிப்பேன் என்று காத்திருந்து மறுபடி வந்து சேர்ந்தாள்.

மருந்துக் கடைக்காரர் அண்ணிக்குப் பழக்கம். இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி, மூக்குக்கண்ணாடி வைக்கிற கூடு ஒன்றில் போட்டு மூடி அண்ணி கொடுத்தனுப்புவாள். கணவனுக்குச் சொல்லவில்லை. கேன்சர் என்ற சொல்லைக் கேட்டால் அவன் பிடுங்கிப் போட்டுவிடுவான் என்ற பயம். குளிர்காலத்தில் சூடு மறுபடி கொஞ்சம் எட்டிப்பார்க்க, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டாள். அதை அண்ணியிடமும் சொல்லவில்லை.

மாதங்கள் ஓடின. நின்றுபோன உதிரம் திரும்பி எட்டிப்பார்த்தது. முதலில் கறை மாதிரி, பிறகு நாலைந்து நாள் இருக்கிற மாதிரி. அண்ணியிடம் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். "வாலிபம் திரும்புதுடி, ஜாக்கிரதை" என்றாள் அண்ணி. உடம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது, நல்லதுதான் என்று இருவருமே உண்மையாக நம்பினார்கள். ஒருத்திக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, இன்னொருத்திக்கு இல்லை என்ற விஷயம் இருவருக்கும் தெரிந்ததுதான். அதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

அது நடந்தது ஒரு பாடத்தின் நடுவில். டெலிபோன் அம்மாள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றைப் பிழிந்தது. எழுந்து பார்க்காமலே இருக்கை நனைவது தெரிந்தது. குனிந்து பார்த்தாள், கண் இருட்டியது. இது மாதாமாதம் வருகிற சமாசாரம் இல்லை. குழாய் உடைந்தமாதிரி.

"அம்மா," என்றாள், குரலை உயர்த்தாமல். "அடுத்த இடதுல திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"நானா? எனக்கு ரெண்டாவது கியருக்கு மேல வராதே டீச்சர்."

"ரெண்டாவதுலயே போங்க."

ஊர் முழுக்கப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. டெலிபோன் அம்மாள் எதையும் காதில் வாங்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, இன்ஜின் கதறக் கதற இரண்டாவது கியரிலேயே ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் தலை சாய்ந்துகொண்டே வந்தவள், கண்ணாடியைப் பாருங்க, இப்போ மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்வதை நிறுத்தினால் மயங்கிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அவள் கால் அவளுடைய பிரேக்கில் இல்லை. தூக்க முடியாமல் கிடந்தது.

மகப்பேறு பிரிவின் டாக்டரம்மா நடுவயதுக்காரி, களைத்த முகம். ரத்தப்போக்கை நிறுத்த மருந்து ஏற்றிவிட்டு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் இவள். டாக்டரம்மா நகரவில்லை. அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டாள். அப்போதுதான் கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூடு வெளியே வந்தது.

"இது யாருக்கு எழுதினது?"

"என் நாத்தனாருக்கு."

"அவங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா?"

"எடுத்தாச்சு."

டாக்டரம்மா கூட்டை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினாள். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்தோலை வளரச்செய்யும். வளர்ந்துகொண்டே போகாமல் அடக்க புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கூடவே வேண்டும். கர்ப்பப்பை இல்லாதவருக்கு அடக்க ஒன்றுமில்லை, அதனால் தனியாகக் கொடுத்தார்கள். இருக்கிறவர் தனியாகச் சாப்பிட்டால் உள்தோல் தடித்து இப்படி ஆகும். ஸ்கேனில் நன்றாகத் தடித்திருக்கிறது. கேன்சரா இல்லையா என்று சதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும்.

"நீங்க கார் ஓட்டச் சொல்லித்தர்றவங்களாமே? பிரேக் இல்லாம ஆக்சிலரேட்டரை மட்டும் மிதிச்ச மாதிரிதான் இது."

சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றோடு நிறுத்த வேண்டும் என்ற இடத்திலேயே அவள் காது அடைத்துப்போயிருந்தது.

சதை எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் நரகம். மாத்திரை நின்றதும் சூடு, விட்டுப்போனதையும் சேர்த்து வாங்க வந்ததுபோல வந்தது. அதன்மேல் கேன்சர் பயம். கணவனுக்கு எல்லாம் தெரிந்துபோனது. அவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அக்கா கடைக்குப் போனான். அங்கே வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, என் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தாயா, உனக்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று கத்திவிட்டு, இனி என் வீட்டு வாசல்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் பின்னாலேயே ஓடிய மகள்தான் வந்து சொன்னாள். பேசாத மனுஷன் பேசினால் இப்படித்தான் போலிருக்கிறது. வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த வார்த்தைகளையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் அவன் வேலைச் சட்டையைக் கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது அவள் எதிரே போய் நின்றாள்.

"உங்க அக்கா என்னைக் கொல்லப் பார்க்கல. நான் மேம்பாலத் தூண்ல வண்டியை மோதிச் சாகறதுக்கு யோசிச்சுட்டு இருந்தேன். அடுத்த நாள் அவங்ககிட்டப் போனேன். அவங்க மட்டுந்தான் என்னன்னு கேட்டாங்க."

அவன் தலை நிமிர்ந்தது. கேட்டது சரிதானா என்று பார்க்கிறவன்போல அவள் வாயையே பார்த்தான்.

"நீங்க தலகாணியை எடுத்துட்டு ஹாலுக்குப் போயிட்டீங்க."

"என் குறட்டைதான் உன்னை எழுப்புதுன்னு நினைச்சேன்," என்றான் அவன். "நீயாவது தூங்கட்டும்னு…"

அவளுக்கு அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதை அன்றே சொல்லியிருந்தால் என்ன? அவளும்தான் கேட்டிருக்கலாமே. ஒரே கூரைக்குக் கீழே இருவரும் ஆளுக்கொரு தப்புக்கணக்கைப் போட்டுக்கொண்டு இத்தனை மாதம் கிடந்திருக்கிறார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் அவன் வந்து கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தது கேட்டது. தட்டவில்லை. போகவும் இல்லை.

முடிவு வந்தது. கேன்சர் இல்லை. ஆனால் உள்தோல் தாறுமாறாகத் தடித்திருக்கிறது, அப்படியே விட்டால் பின்னால் அந்தப் பக்கம் திரும்பக்கூடும் என்றாள் டாக்டரம்மா. கர்ப்பப்பைக்குள் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கசியும் சின்ன சாதனம் ஒன்றைப் பொருத்தினாள். ஆறு மாதம் கழித்து மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஈஸ்ட்ரோஜன் கிடையாது.

கேன்சர் இல்லை என்ற சந்தோஷம் கதவைத் தாண்டுவதற்குள் வடிந்துவிட்டது. "ஆறு மாசம் நான் எப்படி இருப்பேன் டாக்டர்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கேக்கறது உயிருக்கு. அழகுக்கு இல்ல."

டாக்டரம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவள் படுகிற பாடு கற்பனை இல்லை என்றாள். ஹார்மோன் மருந்தை ஆள் பார்த்து, மார்பகச் சோதனை செய்து, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டு, அளவோடு கொடுத்தால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம், ஆபத்து அறவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன் என்றாள். தெருமுனை டாக்டர் பயமுறுத்தி அனுப்பாமல் இங்கே அனுப்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்போதைக்குச் சூட்டைக் கொஞ்சம் மட்டுப்படுத்த வேறு வகை மாத்திரை தருகிறேன், முழுக்கக் கேட்காது என்றும் உண்மையைச் சொன்னாள். தூணைப் பற்றியும் இவள் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டபின் டாக்டரம்மா, மனநல மருத்துவர் ஒருவரை அன்றே பார்க்கவைத்து, வீட்டில் இவளைத் தனியாக விட வேண்டாம் என்று மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அந்த ஆறு மாதத்தை அவள் வாழ்ந்தாள் என்பதைவிடக் கடத்தினாள் என்பதே சரி. மறுபடி வாசல்மணி மேஜை. மின்விசிறியைத் தன் பக்கமே திருப்பிவைத்திருந்தாள் என்பதற்காக மற்ற வாத்தியார்களோடு சண்டை. கணவன் தலையணையோடு திரும்பி வந்தான். விரிப்பு நனையும்போது எழுந்து மறுமுனையைப் பிடித்து மாற்ற உதவுவான். பேச்சு மட்டும் பழையபடி குறைவு. சில நாள் அதுவே நிம்மதியாக இருக்கும். சில நாள் அவன் மூச்சுவிடுகிற சத்தமே பொறுக்காது.

அண்ணி வரவேயில்லை. போனை எடுக்கவும் இல்லை. கடைசியில் இவளே கடைக்குப் போனாள். ஒரு பெரியவர், இரண்டு கண்ணாடியையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டாய், படி இறங்கத் தெரியாமல் விழப்போனேன் என்று அண்ணியைக் கடிந்துகொண்டிருந்தார். அண்ணி அதைக் கழற்றினாள். அவள் கழுத்திலிருந்து வேர்வை ரவிக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. அந்த நிறம் இவளுக்குப் புதிதில்லை.

பெரியவர் போனதும் கேட்டாள். "மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"உன்னை அந்தக் கதிக்கு ஆளாக்கினதை நான் எப்படி வாயில போடறது?" என்றாள் அண்ணி. "சாக்கடையில கொட்டிட்டேன். நீ வேகறப்ப நானும் வேகறேன்."

இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்துக்கு எதைச் சொல்வது? அது அன்புதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து, உங்களுக்கு அந்த மாத்திரை சரி, எனக்குத்தான் தப்பு, டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்று எடுத்துச் சொன்னாள். ஒன்றை இரண்டாகப் போட்டுக்கொண்டது தான்தான் என்றும் முதல்முறையாகச் சொன்னாள். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஒப்புக்கொள்ளவில்லை. முடிவில் இவள் கடைப் பலகையைத் திருப்பிப்போட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக, தன் அடுத்த சோதனை நாளன்று அண்ணியும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அன்று இருவரும் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி விசிறிக்கொண்டு, ஒருத்தி துடைத்துக்கொண்டு. வேலை இடத்திலிருந்து நேராக வந்த கணவன், கிரீஸ் கறையோடு அக்காவைப் பார்த்துவிட்டுத் தூணோரம் நின்றான். அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. உள்ளே கூப்பிட இன்னும் நேரமிருந்தது. மன்னிப்பு கேட்கிற வார்த்தை அவனுக்கு வராது என்பது அங்கே இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

"அக்கா, டீ வாங்கிட்டு வரட்டா?"

அண்ணி சுவரைப் பார்த்தே இருந்தாள். பிறகு, "சக்கரை வேணாம்" என்றாள்.

சில நாளில் வந்த முடிவில் உள்தோல் ஒழுங்குக்கு வந்திருந்தது. உள்தோலை அடக்கும் அந்தச் சாதனத்தை உள்ளேயே விட்டுவிட்டு, தோலில் தடவிக்கொள்கிற ஈஸ்ட்ரோஜன் ஜெல்லைக் குறைந்த அளவில் டாக்டரம்மா எழுதினாள். ரத்தம் பட்டால் அன்றே வர வேண்டும், வருஷாவருஷம் மார்பகச் சோதனை தப்பக்கூடாது என்றாள். அண்ணிக்கு அவள் வயதைக் கணக்கில் எடுத்து வேறு அளவு கொடுத்தாள்.

ஜெல் முதல் முறைபோல மாயம் எதுவும் செய்துவிடவில்லை. சூடு பாதியாகக் குறைந்தது. தூக்கம் சில நாள் முழுசாக, சில நாள் துண்டு துண்டாக. காலையில் தொடையில் தடவி, அது காய்கிற வரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இது ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வோம் என்ற பயம் இன்னும் வந்து போகிறது. வண்டிக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் காலை வேளைகளில் மட்டும். வெயில் ஏறினால் முதலாளியிடம் சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள். பாடம் படிக்க வருகிற நாற்பது கடந்த பெண்கள் சில பேர், ஏன் அக்கா இப்படி வேர்க்கிறது என்று கேட்பதுண்டு. முன்பானால் வெயில் என்று சொல்லியிருப்பாள். இப்போது உள்ளதைச் சொல்கிறாள். கேட்டவள் சட்டென்று குரலைத் தாழ்த்தி, எனக்கும்தான் அக்கா என்று ஆரம்பித்தால், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, முழுக்கக் கேட்கிறாள்.